துளசிமணி ஊரில் இல்லாதபோது காய்த்த குதிரைமசால்

நொச்சிவலசில் குதிரைமசால் முதன்முதலாகக் கொத்துக்கொத்தாகக் காய்த்தது, பால் சொசைட்டியில் டிகிரி பார்க்கும் துளசிமணி வேன்காரன் செங்கோடனோடு ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் பேசிக்கொண்ட வாரத்தில்தான். அவள் ஓடிப்போகவில்லை. கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ளத் தாராபுரம் போய், முகம் வீங்கி, ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் மூன்று நாள் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தாள். செங்கோடன் அந்த மூன்று நாளும் வழக்கம்போல இரண்டு வேளையும் வந்து பால் கேன்களை ஏற்றிக்கொண்டு போனான். அவனைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் ஊர் அவன் ஓடிப்போனதைப் பேசியது.

அதற்கு முன்னால் அந்த ஊர்க் குதிரைமசாலில் ஒரு கைப்பிடி விதை பார்த்தவர் கிடையாது. மாட்டுத் தீவனத்துக்கென்றே வளர்க்கிற செடி அது. ஊதாப்பூ எட்டிப்பார்க்கிற சமயத்தில் அறுத்துவிடுவார்கள், இருபத்தைந்து நாளில் மறுபடி தழைக்கும், மறுபடி அறுப்பார்கள், இப்படி வாழ்நாள் முழுக்கக் கழுத்தறுபட்டே பழகிய செடியிடம் போய் திடீரென்று பிள்ளை பெற்றுக்கொடு என்றால் அது எங்கே போகும். விதை வடக்கேயிருந்து மூட்டையில் வரும். மூட்டை வராத வருஷம் மாடுகள் சோளத்தட்டைத் தின்றுகொண்டு ஊரை முறைக்கும்.

இதை மாற்றியே தீருவது என்று ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் குமணன் பதினோரு வருஷமாக ஜீப்பில் வந்துகொண்டிருந்தார். வரிசைக்கு வரிசை இடைவெளியை அகட்டினார், குறுக்கினார். பூக்கும் காலத்தில் தண்ணீரை நிறுத்திச் செடியை வாடவிட்டார். போரான் தெளித்தார். தேனீப் பெட்டி வைத்தார். குதிரைமசால் பூவுக்கு ஒரு குணம் உண்டு: தேனீ வந்து உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து ஒரு தண்டு விருட்டென்று எழும்பி அதன் தலையில் ஓர் அடி அடிக்கும், அப்படி அடித்தால்தான் காய் பிடிக்கும். நொச்சிவலசுத் தேனீக்கள் முதல் நாளே அடி வாங்கி, இரண்டாம் நாளிலிருந்து பக்கவாட்டில் நுழைந்து தேனை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டன. இந்த ஊர்த் தண்ணீர் அப்படி என்று டாக்டர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இத்தனைக்கும் மேலாக, விதைக்கென்று விட்ட வயலில் பூ வந்ததும் ஊர்க்காரர்களுக்குக் கை அரிக்கும். மாடு ஒரு தரம் கத்தினால் போதும், கதிர் அரிவாளோடு யாராவது இறங்கிவிடுவார்கள்.

அந்த வருஷம் விதை உற்பத்தியாளர் சங்கத்துக்கும் பால் சொசைட்டிக்கும் தலைவரான பொங்கியண்ணன் அரை ஏக்கரை அறுக்காமல் விட்டிருந்தார். அவர் பெண்டாட்டி நாச்சாத்தாளும் இன்னும் ஏழெட்டுப் பேரும் அதில் நான்கு பாத்திக்குக் களை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் டாக்டர் வந்து பார்த்தபோது அந்த நான்கு பாத்தியிலும் நத்தை ஓடுபோலச் சுருண்ட காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. மற்றப் பாத்திகள் வெறும் பூவும் வெயிலுமாக நின்றன.

"இந்தப் பாத்திக்கு மட்டும் என்னம்மா போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் போடலீங்க. களைதான் எடுத்தோம்" என்றாள் நாச்சாத்தாள்.

"வேற என்ன செஞ்சீங்க?"

"சும்மா பேசிக்கிட்டு இருந்தோமுங்க."

"என்ன பேசினீங்க?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சாத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நமக்கெதுக்குங்க ஊர் வம்பு" என்று தொடங்கி, துளசிமணியும் செங்கோடனும் பால் வேனிலேயே கரூர் தாண்டிப்போன கதையை நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லி முடித்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துப் பாத்தியில் இரண்டு வரிசை காய் பிடித்தது. டாக்டர் குமணன் ஆச்சரியப்படவில்லை. பதினோரு வருஷம் போரான் தெளித்த மனிதருக்கு ஆச்சரியம் மிச்சமிருக்காது. அவர் குனிந்து காய்களை எண்ணி எழுதிக்கொண்டார்.

துளசிமணியை ஏன் பேசினார்கள் என்று கேட்பீர்கள். நொச்சிவலசில் பாலில் தண்ணீர் கலக்காத வீடு ஒன்றே ஒன்று இருந்தது. அது துளசிமணியின் வீடு, அவளுக்கு மாடு கிடையாது. புருஷன் பழனி ரோட்டில் அடிபட்டுச் செத்து வருஷம் பதினொன்று ஆகிறது, பிள்ளைகுட்டி இல்லை, தினமும் இரண்டு வேளையும் சொசைட்டி ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வீட்டுப் பாலிலும் தண்ணீர்க் கலப்பைக் காட்டும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, "டிகிரி கம்மிங்" என்று மெல்லிய குரலில் சொல்லிப் பாத்திரத்தைத் திருப்பித் தருவாள். வேறு ஒரு சொல் சொல்லமாட்டாள். யாரிடமும் போய் அதைச் சொன்னதும் கிடையாது. அப்படிப்பட்டவளை மன்னிக்க ஊருக்கு மனசு வருமா, சொல்லுங்கள்.

டாக்டர் முறையாகச் சோதனை வைத்தார். ஒரு பாத்திக்குப் பக்திப்பாட்டுப் போட்டார். செடிகள் சாய்ந்து தூங்கின. ஒரு பாத்தியில் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளரைக் கூட்டி வந்து முக்கால் மணி நேரம் பேசவைத்தார். இலையே தெரியாத அளவுக்குப் பூத்துக் குலுங்கி, ஒரு காய்கூட இல்லாமல் அத்தனையும் மறுநாள் உதிர்ந்தது. செடியையே புகழ்ந்து பேசிய பாத்தியில் தழை இடுப்பளவு வந்தது, விதை வரவில்லை. ஒருவரையொருவர் நேருக்கு நேர் திட்டிய பாத்தியில் இலை சுருண்டது. சினிமாக்காரர்களையும் மந்திரிகளையும் பேசிப் பார்த்தார்கள். பேசப்படுகிற ஆளைச் செடிக்குத் தெரிந்திருக்க வேண்டும்போல, அது அசையவில்லை. ஒரு நாள் நாச்சாத்தாள் வாய் தவறி, துளசிமணி யார் வம்புக்கும் போவதில்லை, சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்கிறாள் என்று சொல்லிவிட்டாள். அந்த வரிசையிலும் காய் பிடித்தது, உரித்துப் பார்த்தால் உள்ளே சப்பை.

ஆக விதிகள் தெளிவாயின. பேசப்படுகிறவர் உள்ளூர் ஆளாக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் வயலில் இருக்கக் கூடாது, பேச்சு பொய்யாக இருக்க வேண்டும். டாக்டர் இதைத் துண்டுப்பிரசுரமாகவே அச்சடித்துவிட்டார்: ஏக்கருக்கு எட்டுப் பேர், காலை பத்து மணிக்குள் மூன்று மணி நேரம், தொடங்குமுன் "நமக்கெதுக்கு ஊர் வம்பு" என்று ஒருவர் சொல்லிவிடுவது விதைநேர்த்தி செய்வதற்குச் சமம், "நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே" என்று முடித்தால் காய் வெடித்துச் சிதறுவது குறையும். பெண்பிள்ளைகளின் வேலை இது என்று வரப்பில் நின்று சிரித்த ஆண்களையும் ஒரு பாத்தியில் உட்கார்த்திப் பார்த்தார். ஒன்றரை மடங்கு மகசூல். அதற்கப்புறம் ஆண்கள் சிரிக்கவில்லை, நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றே போகத்தில் நொச்சிவலசு பதினெட்டு ஏக்கர் விதைப்பண்ணை ஆயிற்று. வடக்கேயிருந்து மூட்டை வந்த காலம் போய், இங்கேயிருந்து வடக்கே மூட்டை போயிற்று. வெளியூர் ஆட்கள் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கள் ஊரிலும் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டவர்களிடம் பொங்கியண்ணன், "எங்க ஊர்ச் சனங்களோட ஒழைப்புங்க, அது எல்லா ஊர்லயும் வராது" என்று அடக்கமாகச் சொன்னார். டீக்கடை காலையில் காலியாகக் கிடந்தது. கோயில் மண்டபத்தில் ஆடுபுலி ஆட்டத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. விடிந்தால் ஊரே வயலில் இருந்தது.

அதில்தான் ஒரு சிக்கல் வந்தது. ஊரே வயலில் இருந்தால் யாரைப் பேசுவது. இல்லாதவரைத்தானே பேச முடியும், இல்லாதவர் என்று ஒருவர் இல்லையே. பதினெட்டு ஏக்கருக்கும் மிச்சமிருந்த ஒரே ஆள், நிலம் இல்லாதவளும் காலை நேரத்தில் சொசைட்டியை விட்டு நகர முடியாதவளுமான துளசிமணிதான். எனவே ஊர் அவளைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டது. அவள் காதில் ஒரு சொல் விழக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். அவள் வாசலில் முருங்கைக்காயும் பூசணியும் தானாக வந்து கிடந்தன. மாரியம்மன் நோம்பிக்கு முதல் கரண்டிப் பொங்கல் அவள் தட்டில் விழுந்தது. தாலியறுத்தவள் எதிரே வந்தால் தள்ளி நின்ற ஊர், இப்போது அவள் தும்மினால் கஷாயம் அனுப்பியது. செழிப்பான கதைகளுக்கு ஆள் செழிப்பாக இருக்க வேண்டுமே.

செங்கோடனுக்கு யாரும் தீர்மானத்தைச் சொல்லவில்லை. நாற்பத்துமூன்று வயதாகியும் பெண் கிடைக்காதவன். காடு தோட்டம் இல்லாத டிரைவருக்கு யார் பெண் கொடுப்பார்கள். வேன் ஓட்டிக்கொண்டு வயலோரமாக வந்தால் எல்லாம் காதில் விழும். ஒரு சாயங்காலம் கேனைத் தூக்கிக்கொண்டே அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஏனுங்க, போன மாசம் நாம ரெண்டு பேரும் பழனிக்குப் போனோமாமுங்க."

துளசிமணி கண்ணாடிக் குழலைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "அப்புடீங்களா. சாமி நல்லாக் கும்புட்டமா?" என்றாள்.

அவன் கேனைக் கீழே வைத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் அவளிடமிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். "கூட்டமாம். ரோப் காரு கிடைக்கலையாம். நடந்தே ஏறுனோமாமுங்க."

"அதான் ஒரு மாசமா முட்டி வலிக்குது" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவன் தினமும் வயலிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தான். அவர்கள் ஊட்டிக்குப் போனார்கள். அவன் அவளுக்குக் கல்லு வைத்த மூக்குத்தி வாங்கிக் கொடுத்தான். வெள்ளகோவிலில் தனி வீடு பார்த்திருக்கிறார்கள், தண்ணீர் வசதி போதாது. அவள் அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா என்று கேட்டு வரச் சொன்னாள். முதலில் அவளுக்குக் கோபம் வராமலில்லை. இரண்டு ராத்திரி சோறு இறங்கவில்லை, பொழுது விடிந்தால் முகத்துக்கு நேரே சிரித்துப் பூசணி வைத்துவிட்டுப் போகிறவர்களை நினைத்து உடம்பு கூசியது. ஆனால் இத்தனை வருஷமாகத் தனக்கென்று ஒரு வாழ்க்கை நடக்காதிருந்தவளுக்கு, தான் இல்லாத இடத்தில் தன் வாழ்க்கை இத்தனை அமோகமாக நடப்பதைக் கேட்கக் கேட்க ஆசை வந்துவிட்டது. ஒரு நாள் செங்கோடன் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"இன்னைக்கு என்னாச்சாம்?"

"நாம சண்டை போட்டுப் பிரிஞ்சிட்டமாமுங்க."

துளசிமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமும் துக்கமுமாக, "அது பொய்யுங்க" என்றாள். மற்றதெல்லாம் பொய் என்று அவள் அதுவரை ஒரு தரமும் சொன்னதில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

அடுத்த முகூர்த்தத்தில் சிவன்மலையில் தாலி கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். சேதி ஊருக்குள் வந்த அன்றே பொங்கியண்ணனும் டாக்டர் குமணனும் இன்னும் நான்கு பேரும் வெற்றிலைத் தட்டோடு அவள் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஒரு விதவை மறுகல்யாணம் செய்தால் ஊர் எப்படியெல்லாம் பேசும் என்று நினைத்து அவள் தயாராக வைத்திருந்த பதில்கள் ஒன்றும் பயன்படவில்லை.

"அம்மிணி, கண்ணாலம் பண்றது உங்க இஷ்டம்" என்றார் பொங்கியண்ணன். "நாங்க பழைய ஆளுக கெடையாது. ஆனா யாரை வேணாலும் பண்ணிக்குங்க, செங்கோடனை மட்டும் வேண்டாம்."

"ஏனுங்ண்ணா?"

"அத்தன பேச்சும் நெசமாப் போயிருமே."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "பதினெட்டு ஏக்கர்ம்மா. எல்லாம் பூவுல நிக்குது. நீங்க தாலி கட்டிக்கிட்டா அத்தனையும் சப்பையாயிடும். தேசத்துக்கே தீவன விதை பற்றாக்குறை."

"நீங்க ஒழுக்கமா இருக்கோணும் அம்மிணி" என்று பொங்கியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "நீங்க ஒழுக்கமா இருந்தாத்தான் நாங்க பேச முடியும். ஊர் உங்களை நம்பித்தான் இருக்குது."

துளசிமணி எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இத்தன வருசமா ஒழுக்கமாத்தானுங்ண்ணா இருந்தேன். எனக்கு நீங்க குடுத்த பேரு என்னங்ண்ணா?"

யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் பொங்கியண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணம் நடந்தால் சொசைட்டி வேலை இருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கல்யாணம் நடந்தது. வேலை போயிற்று. தாலி ஏறிய அதே நேரத்தில் பதினெட்டு ஏக்கரிலும் காய்கள் நமத்த அப்பளம்போல அமுங்கியதாகக் களையெடுத்தவர்கள் சொன்னார்கள். ஊர் அதற்கெல்லாம் அசந்துவிடுகிற ஊரா. கல்யாணம் ஆனவளைப் பேச விஷயமா இல்லை, புதிதாகப் பொய் சொன்னால் போயிற்று என்று மறுநாளே எல்லோரும் வயலில் உட்கார்ந்தார்கள். ஆனால் துளசிமணி அன்று காலை கோயில் முன்னால் நின்று, நிதானமாக, எல்லோர் காதிலும் விழும்படி ஒன்று சொல்லியிருந்தாள்: "இனிமே என்னைப் பத்தி என்ன வேணாலும் பேசுங்க. பேசறத நான் செஞ்சு போடறேன்."

முதல் நாள் அவள் முடியை வெட்டிக்கொண்டாள் என்று பேசினார்கள். சாயங்காலம் வேன் வந்தது, முன்சீட்டில் அவள் கழுத்தளவு முடியோடு உட்கார்ந்திருந்தாள். புல்லட் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள் என்று பேசினார்கள். நான்காம் நாள் வரப்போரமாகப் படபடவென்று ஒரு சத்தம் போயிற்று. சொசைட்டி செக்ரெட்டரியை அவள் பால் அளக்கும் கரண்டியால் அடித்துவிட்டாள் என்று ஒருத்தர் ஆசையோடு சொன்னார். செக்ரெட்டரி மறுநாள் நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்து, யார் அந்தப் பேச்சைத் தொடங்கியது என்று வயல் வயலாக விசாரித்தார். இவள் விடமாட்டாள், மறுபடி சொசைட்டிக்கே வந்து உட்கார்ந்துகொள்வாள் என்று சலித்துக்கொண்டார்கள். விடிகாலையில் ஜன்னலுக்குப் பின்னால் அவள் நின்று, "டிகிரி கம்மிங்" என்றாள். அவளை வெளியே போகச் சொல்லும் தைரியம் பிளாஸ்திரிக்கு இல்லை. எல்லாக் காயும் சப்பை.

அப்போதுதான் கடைசிப் பாத்தியில் இருந்த ஒருத்தி, பெரிய மகசூலை நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நமக்கெதுக்கு ஊர் வம்பு, துளசிமணிக்கும் நம்ம பொங்கியண்ணனுக்கும்" என்று ஆரம்பித்தாள். புருஷன் பெயர் காதில் விழுந்ததும் நாச்சாத்தாள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு இரண்டு வரிசைச் செடியை மிதித்துத் தாண்டிப் போய் அவள் வாயைச் சேற்றுக் கையாலேயே பொத்தினாள். "வேண்டாம் அம்மிணி, செஞ்சு போடுவா" என்றாள். நான்கு போகமாக அந்தப் பாத்திகளில் துளசிமணியின் வாழ்க்கையை நார் நாராகக் கிழித்த நாச்சாத்தாளுக்கு ஒரு பேச்சு எங்கே போய்க் குத்தும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு துளசிமணியின் பெயரை யாரும் வாயில் எடுக்கவில்லை.

பேச்சு நின்றது. செடி பூவோடு நின்றது. டாக்டர் குமணன் வரப்பில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அன்று மதியத்துக்குள் ஏதாவது பேசப்பட்டால்தான் உண்டு, இல்லையென்றால் பூ கருகிவிடும். "யாரையாவது பேசுங்கம்மா" என்று கெஞ்சினார். யாரைப் பேசுவது. எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

பொழுது உச்சிக்கு வந்தது. பசித்தது. வழக்கமாக முதலில் எழுந்து சோறாக்கப் போகிற கிழக்குவீட்டுக்காரி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தவள், நூற்று நாற்பது ஜோடிக் கண்கள் தன்மேல் நிமிர்ந்ததைப் பார்த்தாள். இல்லாதவரைத் தேடி இத்தனை நாள் உள்ளே உட்கார்ந்து அவளும் பார்த்த பார்வைதான், அதை எதிரே இருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. இடுப்பு வலிக்கிறது, சும்மா நிமிர்ந்தேன் என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் ஒருவரும் எழவில்லை. ஒருவர் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார். அது வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. நாச்சாத்தாளுக்கு வெகு நேரமாக ஒதுங்க வேண்டியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். வீடுகளில் மாடுகள் கறவைக்குக் கத்தத் தொடங்கின. களை ஒன்றுகூட மிச்சமில்லாத வயலில் அத்தனை பேரும் குனிந்து வெறும் மண்ணைக் கொத்திக்கொண்டே இருந்தார்கள்.

ஜீப் டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தான். டாக்டர் குமணன் ஒரு காலை எடுத்து வரப்பில் வைத்தார். வயல் முழுக்கக் களைக்கொத்துகள் நின்றன. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அந்த ஊர் தன்னை எத்தனை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. காலைத் திரும்ப எடுத்து, பேண்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு, அவரும் ஒரு களைக்கொத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தார்.